நாச்சிமுத்துவின் குண்டு

வடமலை ஐயா கேள்வி கேட்டால் கேள்வி மாதிரியே இருக்காது, சம்மன் மாதிரி இருக்கும். பதில் சொல்லாவிட்டால் ஜாமீன் கிடைக்காதோ என்று நமக்கே தோன்றிவிடும்.

மனுஷன் வாழ்நாளெல்லாம் மெட்ராஸில் போலீஸ் வேலை பார்த்தவர். இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனார். சம்சாரம் போன பிறகு சின்னக் குன்றின் மேல் இருக்கும் எங்கள் கரட்டு மடத்துக்கு வந்து காவி கட்டிக்கொண்டார். மீசையை மட்டும் எடுக்கவில்லை.

"மீசை மேல இன்னும் பற்றா ஐயா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எடுக்கணும்னு நினைச்சாதான் பற்று" என்றார். நான் மடத்தில் சமையல்காரன். தத்துவத்தில் எனக்கு எட்டுவது அவ்வளவுதான்.

மடத்துக் குருவான எங்கள் சாமி வயசில் அவரைவிட ரொம்பச் சின்னவர். அதனால் சீடரை அவர் "ஐயா" என்பார். சீடர் அவரை "சாமி" என்பார். சாமிக்கு ஒரு குறை உண்டு, சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. பெரிய மடங்கள் எதுவும் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடாததற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த வருஷம் குருபூசைக்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து ஜில்லாவில் ஒரு சந்தையில் குண்டு வெடித்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி கீரை விற்க வந்தவள். யார் வைத்தது, எதற்கு வைத்தது, ஒன்றும் தெரியவில்லை. எங்கள் குருபூசைக்கோ எட்டு ஊர்ச் சனம் வரும். எல்லாருக்கும் பயம்தான். எனக்கும் பயம்தான். அடுப்படியில் யாராவது தேங்காயை ஓங்கி உடைத்தால்கூடக் குனிந்துவிடுவேன்.

"வாசலை நீங்க பாத்துக்குங்க ஐயா" என்றார் சாமி.

நன்றாகத்தான் பார்த்தார். குறை சொல்லக் கூடாது. பையைத் திறக்காமல் ஒரு ஆளை உள்ளே விடவில்லை. காணிக்கையாக வந்த பூசணிக்காயைக்கூடக் கத்தியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்கு அனுப்பினார். பொரியலுக்கு எனக்கு அது வசதியாகவே இருந்தது.

இனி நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாச்சிமுத்து கொத்தனார். குருபூசைக்காகக் கட்டிய புது மேடையின் மேஸ்திரி அனுப்பிய ஆள். கரட்டுச் சரிவில் கட்டியதால் அந்த மேடைக்குக் கிழக்குப் பக்கம் மட்டும் இரண்டு ஆள் உயரம். உள்ளே முழுக்க மண் நிரப்பியிருந்தார்கள். அத்தனை மண்ணையும் கிழக்குச் சுவர்தான் தாங்கியது. மழையில் அவசரமாக ஏற்றிய சுவர். லேசாகச் சாய்ந்திருக்கிறதோ என்று மேஸ்திரிக்குச் சந்தேகம். மடத்தில் சொன்னால் மானம் போகும். அதனால் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, "சத்தமில்லாமப் பொட்டாட்டப் போயி குண்டு போட்டுப் பாத்துட்டு எனக்கு மட்டும் சொல்லு, வேற யார்கிட்டயும் மூச்சு உடாத" என்று அனுப்பிவிட்டார்.

குண்டு என்றால் தூக்குக்குண்டு. கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அது. பித்தளையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கும். சுவர் நேராக நிற்கிறதா சாய்ந்து நிற்கிறதா என்று அதுதான் சொல்லும்.

குருபூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த மேடையில் வள்ளி கும்மி ஒத்திகை. அறுபது பெண்கள். எங்கள் பக்கத்துக் கும்மி என்றால் சும்மா கைதட்டிச் சுற்றுவது இல்லை, குதித்து ஆடுவார்கள். தரை அதிரும்.

இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி. வடமலை ஐயாவுக்கு அப்போது தெரிந்தது வேறு. மேடைக்குப் பின்னால் ஒரு புது ஆள் நிற்கிறான். கக்கத்தில் பை. சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறான். போனில் கிசுகிசுக்கிறான். ஐயா மரத்துக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஏனுங், யாரும் பாக்கலீங்க… வேலியால பூந்துதானுங்க வந்தன்… குண்டு பையிலதானுங்க இருக்குது… கெழக்கால போட்டாத்தானுங்க செரியா வரும்… ஆமாங்க, அந்தச் செவுரு போச்சுன்னா மேடையே போயிருமுங்க… சனம் வரங்குள்ள முடிச்சுப்போடறனுங்க."

சொல்லுங்கள், இதைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் யார்? நானாக இருந்தால் அலறியிருப்பேன். ஐயா அலறவில்லை. பாய்ந்தார்.

நாச்சிமுத்து கீழே. அவன் மேல் ஐயா. பை ஒரு பக்கம் உருண்டது. "தொடாதே! யாரும் பையைத் தொடாதே!" என்று ஐயா போட்ட சத்தத்தில், தொடுவதாக இல்லாதவர்கள்கூட ஓடினார்கள்.

மடத்துப் பால்காரன் ராக்கியப்பன் ஒரு நீள மூங்கிலைக் கொண்டுவந்தான். பாம்பைத் தூக்குவது போலப் பையை அதன் நுனியில் தூக்கிக்கொண்டு போய், காய்ந்துபோன தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினான். சுற்றிலும் மூட்டை அடுக்கச் சொன்னார் ஐயா. மூட்டை என்றால் என் அரிசி மூட்டை. மறுநாள் அன்னதானத்துக்கு வைத்திருந்தது.

"மண் மூட்டை வெக்கலாமே ஐயா. வெடிச்சா என் அரிசி போகுமே" என்றேன்.

"உயிர் பெரிசா அரிசி பெரிசா?"

நானே மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நாச்சிமுத்துவின் போனை ஐயா வாளித் தண்ணீரில் போட்டுவிட்டார். "இதை அமுக்கினா அது வெடிக்கும். எல்லாம் கனெக்‌ஷன்" என்றார். தண்ணீருக்குள் அது ஒரு தரம் அடித்தது. மேஸ்திரிதான் கூப்பிட்டிருக்க வேண்டும். வாளியைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் தரையில் படுத்தார்கள்.

ஸ்டேஷனுக்கும் முறையாகத் தகவல் சொன்னார். வெடிகுண்டு நிபுணர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள், வந்து சேரப் பொழுது சாயும், அதுவரை ஆளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

பத்திரமாகத்தான் வைத்தார். மாட்டுக் கொட்டகைத் தூணில் கையையும் காலையும் சேர்த்து ஒரு கட்டு. ராக்கியப்பன் காவல். இரண்டு மாடுகள் சாட்சி. விசாரணை ஆரம்பமானது. நடந்ததை அப்படியே ராக்கியப்பன் என்னிடம் சொன்னான்.

"பேர் என்னடா?"

"நாச்சிமுத்துங்க."

"பையில என்ன இருக்கு?"

"சோறு கொண்டாந்த போசிங்க. கரண்டிங்க. நூலுங்க. குண்டுங்க."

"குண்டுன்னு ஒத்துக்கறே?"

"குண்டக் குண்டுன்னுதானுங்களே சொல்லோணும்."

ராக்கியப்பன் இரண்டடி பின்னால் போனான். அவன் உள்ளூர்க்காரன்தான், தூக்குக்குண்டைப் பார்க்காதவன் இல்லை. ஆனால் சந்தை வெடித்த நாளிலிருந்து எங்கள் ஊரில் எல்லார் காதுக்கும் குண்டு என்றால் ஒரே குண்டுதான்.

"எங்க வெக்கப் பார்த்தே?"

"வெக்கற சாமானில்லீங்க அது. தொங்க உடறதுங்க."

"தொங்க விடறதா? புதுசா இருக்கே!"

"பழசுதானுங்க. எங்கப்பன் காலத்துலயே அதுக்குப் பேரு தூக்குதானுங்க."

"தூக்கா? தூக்குதான்டா உனக்கு!" என்று ஐயா தொடையில் தட்டிய தட்டில் நாச்சிமுத்துக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

பயத்தில் வரும் விக்கல் இருக்கிறதே, சனியன், லேசில் விடாது.

"ஒரு வாய் தண்ணி… ஹிக்… குடுங்க."

"விசாரணை முடியற வரைக்கும் தண்ணி கிடையாது. யார்டா உன்னை அனுப்பினது?"

"மேஸ்… ஹிக்."

"மேஸா? அது இயக்கத்துப் பேரா?"

"இல்… ஹிக்."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஹிக்."

ஐயா தன் போனை எடுத்து, பேச்சைப் பதிவு செய்யும் பொத்தானை அமுக்கி அவன் மூக்குக்கு நேராக நீட்டினார். "எவ்வளவு சனத்தைக் கொல்ல வந்தேடா? சொல்லு!"

நாச்சிமுத்து மூச்சை இழுத்துப் பிடித்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. பாவம், எப்படியாவது ஒரு பேச்சாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தான்.

"நானு சனத்தக் கொல்ல வந்தவன்… ஹிக்."

"போதும்" என்று ஐயா போனை அணைத்தார்.

நேராக எங்களிடம் வந்தார். நானும் சாமியும் கிணற்றடியில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தோம்.

"சாமி, ஆள் ஒத்துக்கிட்டான்."

போனை அழுத்தினார். நானு சனத்தக் கொல்ல வந்தவன், ஹிக் என்று அது சொன்னது. என் கையிலிருந்து இலை நழுவியது.

சாமி துடைத்த இலையை அடுக்கில் வைத்தார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன சாமி? அதான் வந்துடுச்சே. நிறுத்திட்டேன்."

"ஹிக்குன்னு ஒரு சத்தம் வருதே, அது என்னங்க ஐயா?"

"குற்ற உணர்ச்சி சாமி. சர்வீஸ்ல நிறையப் பார்த்திருக்கேன்."

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலையால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கியது.

வடமலை ஐயாவுக்கு முகம் சிவந்தது. "சிரிக்காதீங்க சாமி. ஒரு கேள்வி கேக்கறேன். எட்டு ஊர்ச் சனம் ஒரு பக்கம். இவன் ஒருத்தன் ஒரு பக்கம். இவனுக்குத் தண்ணி, சோறு, மரியாதைன்னு நான் பார்த்துக்கிட்டிருந்தா, நாளைக்கு அந்தச் சனத்துக்கு யார் ஜவாப்?"

"தண்ணி கேட்டாருங்களா?"

"கேட்டான். குடுக்கலை."

"ஏனுங்க?"

ஐயா கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் நிமிர்ந்தே இருப்பார்.

"ஒருத்தனுக்குக் குடுத்திருக்கேன் சாமி. இதே மாதிரிதான். சந்தேகக் கேஸ். தண்ணி தண்ணின்னு அழுதான். பாவமா இருந்துச்சு. கட்டை அவிழ்த்து டம்ளர்ல குடுத்தேன். குடிச்சான். குடிச்சுட்டு அதே டம்ளரால என் மூஞ்சியில அடிச்சுட்டு ஓடிட்டான். அந்த வாரமே பஸ் ஸ்டாண்டுல வெடிச்சுது."

மூக்கை உறிஞ்சினார்.

"ஒரு பாப்பா சாமி. நான்தான் தூக்கினேன். ஒரு கால்ல மட்டும் செருப்பு இருந்துச்சு. இன்னொரு செருப்பைத் தேடினேன். எதுக்குத் தேடினேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

அந்த மீசைக்காரர் குழந்தை மாதிரி அழுதார். என் அரிசி மூட்டைக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சாமியின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. இலையை வைத்துவிட்டு எழுந்தார்.

"கட்டு கெட்டியா இருக்குதுங்களா ஐயா?"

"இருக்கு."

"பிரிஞ்சுக்காதுங்களே?"

"என் கட்டு இதுவரைக்கும் பிரிஞ்சதில்லை சாமி."

"நல்லதுங்க. அது அப்படியே இருக்கட்டும்."

கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் சேந்தி எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

ஐயா துள்ளி எழுந்து பின்னால் ஓடினார். "சாமி, வேணாம் சாமி! இவ்வளவு நேரம் யார்கிட்ட சொன்னேன்?"

"எங்கிட்டத்தான் சொன்னீங்க. டம்ளர் ஆகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டனுங்களே. கட்டை அவுக்கப் போறதில்லை, சொம்பைக் கையில குடுக்கப் போறதும் இல்லை. நானே வாயில ஊத்தறேன். மூஞ்சியில அடிச்சா எம் மூஞ்சி."

நானும் பின்னாலேயே போனேன். கொட்டகையில் நாச்சிமுத்து கண்ணை மூடித் தூணில் சாய்ந்திருந்தான். விக்கி விக்கி நெஞ்சு தூக்கிப் போட்டது. சாமி அவன் முன்னால் உட்கார்ந்தார். ஐயா தடியோடு பக்கத்தில் நின்றார். ராக்கியப்பன் மாட்டுக்குப் பின்னால் நின்றான்.

"ஏனுங் நாச்சிமுத்து, அண்ணாந்துக்குங்க."

அண்ணாந்தான். சாமி ஊற்றினார். அவன் குடித்த குடியைப் பார்க்க முடியவில்லை. பாதிச் சொம்பு ஒரே மூச்சில் போயிற்று. கழுத்தெல்லாம் வழிந்தது. ஒரு விக்கல் வந்தது. இன்னொன்று வரப் பார்த்து நின்றுவிட்டது.

"ஆச்சுங்களா?" என்றார் சாமி.

"ஆச்சுங்க சாமி."

"உங்க பேச்சு ஒண்ணு பாதியில நிக்குதுங்களாம். அத முடிச்சுருங்க."

"எதுங்க சாமி?"

சாமி ஐயாவைப் பார்த்தார். ஐயா வேண்டாவெறுப்பாகப் போனை அழுத்தினார். நானு சனத்தக் கொல்ல வந்தவன், ஹிக் என்றது போன்.

"இல்லீங்க" என்றான் நாச்சிமுத்து.

மாடுகூட அசை போடுவதை நிறுத்திவிட்டதாக ராக்கியப்பன் இன்றைக்கும் சாதிக்கிறான். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

முதலில் சுதாரித்தவர் வடமலை ஐயாதான். "மாத்திச் சொல்றான் சாமி! தண்ணி குடிச்சதும் தெம்பு வந்துடுச்சு, அதான்…"

ஆனால் நாச்சிமுத்துக்கு இப்போது விக்கல் இல்லை. அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை.

"அய்யா, பொழுது என்னங்க ஆச்சு? கும்மிப் புள்ளைக மேடையேறிட்டாங்களா? குண்டு போடாம ஏறக் கூடாதுங்க! குண்டு போடாம உட்டா சனம் செத்துப்போயிருமுங்க!"

"பாருங்க சாமி, மிரட்டறான்! நம்மளையே மிரட்…" ஐயா அங்கேயே நின்றுவிட்டார். புருவம் ஏறி இறங்கியது. "டேய், என்ன சொன்னே? குண்டு போட்டா சாகும் சரி. போடாட்டியும் சாகுமா?"

"போட்டா எதுக்குங்க சாகறாங்க?"

ஐயா சாமியைப் பார்த்தார். சாமி என்னைப் பார்த்தார். நான் ராக்கியப்பனைப் பார்த்தேன். அவன் மாட்டைப் பார்த்தான்.

"எந்தக் குண்டுங்க அது?" என்று மெல்லக் கேட்டார் சாமி.

"தூக்குக்குண்டுங்க. செவுத்துக்குப் போடறது. கெழக்குச் செவுரு சாஞ்சுபோச்சோன்னு சந்தேகமுங்க. மேஸ்திரிதான் அனுப்பிச்சு உட்டாரு."

"மேஸ்… திரி" என்றார் வடமலை ஐயா. விசாரணைக்கு நடுவில் ஸ்டேஷனுக்கு மறுபடி போன் போட்டு, 'மேஸ்' என்பது ஒரு இயக்கம் என்று வேறு சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேடைப் பக்கம் கும்மிப் பாட்டு எழுந்தது. அறுபது பெண்கள் ஒரே தாளத்தில் கால் வைக்கும் சத்தம்.

ஐயா அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்கவில்லை. இடுப்பிலிருந்த விசிலை வாயில் கவ்விக்கொண்டு ஓடினார். அந்த வயசில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் கண்டதில்லை. காவி வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை. மேடைக்கு முன்னால் போய் நின்று ஊதினார் பாருங்கள் ஒரு ஊது, பாட்டு அப்படியே அறுந்தது.

"இறங்கு! எல்லாரும் மேற்குப் பக்கமா இறங்கு! ஓடாதே, குதிக்காதே, வரிசையா இறங்கு!"

"ஏனுங்க, குண்டுங்களா?" என்று ஒரு பெண் நடுங்கிக்கொண்டே கேட்டாள்.

"குண்டு போடலைம்மா! போடாததுனாலதான் சொல்றேன், இறங்கு!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு இறங்காமல் இருக்க முடியாது. ஒருத்திகூட விழாமல் அத்தனை பேரையும் இறக்கினார். கடைசிப் பெண் தரையில் கால் வைத்த பிறகுதான் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

இங்கே எங்கள் பாடு வேறு. கட்டு அவிழவில்லை. நான் இழுத்தேன், ராக்கியப்பன் பல்லால் கடித்தான், சாமியும் முயன்று பார்த்தார். கடைசியில் தூணில் இருந்த முடிச்சை மட்டும் அரிவாளால் அறுத்துவிட்டு, கை கால் கட்டோடு நாச்சிமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். தேரோட்டத்தில் எங்கள் சாமி தேருக்கு முன்னால் போவார். இங்கே சாமி பின்னால் சொம்போடு வந்தார்.

"அய்யா, பையி! பையி!" என்று மேலேயிருந்து கத்திக்கொண்டே வந்தான் நாச்சிமுத்து.

பையை எடுக்க வடமலை ஐயாவே போனார். என் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தொட்டிக்குள் இறங்கினார். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்த பிறகும் பையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். பயம் அவ்வளவு சுருக்காகப் போகிற சாமான் இல்லை. அவரே பையைத் திறந்து, நூலோடு அந்தப் பித்தளைக் குண்டை எடுத்து நாச்சிமுத்து கையில் கொடுத்தார். கட்டையும் அவரேதான் அறுத்தார்.

நாச்சிமுத்து ஏணி வைத்து ஏறி, சுவரின் தலையில் நூலைப் பிடித்துக் குண்டை இறக்கினான். குண்டு ஆடி ஆடி நின்றது. சுவரின் அடியை ஒட்டி நிற்க வேண்டியது, நாலு விரல் தள்ளி நின்றது.

நாச்சிமுத்து ஏணியிலிருந்து கீழே பார்த்தான். "எல்லாரும் எட்டப் போயிருங்க" என்றான்.

தானாக விழும் முன்னே தள்ளிவிடுவோம் என்று ஆட்களைக் கூப்பிட்டு, சுவரின் பக்கவாட்டில் எட்ட நின்றுகொண்டு நீளக் கடப்பாரையால் இடித்தார்கள். இரண்டே இடி. மேடையின் பாதி, மண்ணும் கல்லுமாகச் சரிவில் கொட்டியது. கும்மிப் பெண்களின் அம்மாமார்கள் அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அந்தத் தூசி அடங்கும் முன்னேதான் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். மேடையைப் பார்த்தார்கள். அழுகிற சனத்தைப் பார்த்தார்கள். "அடடா, லேட் ஆயிடுச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவர்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லிக் காபி கொடுத்து அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நாச்சிமுத்துக்கு நான் இலை போட்டேன். வடமலை ஐயா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவன் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் சிவந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்புப் பண்ணிட்டேன்ப்பா. மன்னிச்சுக்கோ. கை வலிக்குதா?"

"பரவால்லீங்க. போன்ல நான் பேசுனது அப்படித்தானுங்க இருந்திருக்கும். ஒளிஞ்சு வந்தது எந் தப்புங்க. நீங்க கட்டுனதக்கூட நான் ஒண்ணும் நெனைக்கலீங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் நிறுத்தினான். "மாட்டுத் தொட்டியில தண்ணி நெறஞ்சு கெடந்துதுங்க. மாடு குடிக்கறத பாத்துக்கிட்டே கெடந்தனுங்க. அதுதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சுங்க."

அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை ஐயா அங்கேயே உட்கார்ந்திருந்தார். டம்ளர் காலியானபோதெல்லாம் நிரப்பினார்.

பிறகு கிணற்றடிக்கு வந்து, மிச்சம் இருந்த இலையைத் துடைத்துக்கொண்டிருந்த சாமி முன்னால் விசிலைக் கழற்றி வைத்தார்.

"சாமி, இந்த வேலை எனக்கு வேணாம். இனிமே யாரையும் பிடிக்க மாட்டேன்."

"நாளைக்கு எட்டு ஊர்ச் சனம் வருதுங்களே. சந்தையில குண்டு வெச்சவன் இன்னும் அகப்படலை. வாசல்ல யாருங்க நிப்பாங்க? இவருங்களா?" என்று என்னைக் காட்டினார் சாமி.

நான் சட்டென்று ஒரு இலையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நீங்கதான் நிக்கோணும். எடுங்க விசிலை."

ஐயா எடுத்துக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"சந்தேகமா ஒருத்தன் வந்தா?"

"புடிங்க."

"கட்டலாமா?"

"ஓடற ஆளுன்னா கட்டுங்க."

"விசாரிக்கலாமா சாமி?"

"விசாரிக்காம எப்படிங்க?"

வடமலை ஐயாவுக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது. "பிடிக்கச் சொல்றீங்க, கட்டச் சொல்றீங்க, கேக்கவும் சொல்றீங்க. நான் இன்னைக்கு அதைத்தானே செஞ்சேன்! அப்ப நான் எதுலதான் சாமி தப்புப் பண்ணினேன்?"

சாமி கையிலிருந்த இலையைத் துடைத்து முடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

"நம்ம பாஷையில 'இல்லை' கடைசியிலதானுங்களே ஐயா வரும்."